திருமலை இறக்கத்தில் என்ஜினை ஆஃப் செய்தால் பெட்ரோல் மிச்சமா? ஓடும் வண்டியில் அணைந்த என்ஜினை மீண்டும் ஸ்டார்ட் செய்வது எப்படி?

சனிக்கிழமை விடியற்காலை சென்னையிலிருந்து கிளம்பி, மலையேறி, தரிசனம் முடித்து, லட்டுப் பையோடு காருக்குத் திரும்புகிறீர்கள். இனி இறங்க வேண்டியதுதான். கீழே திருச்சானூரில் அலமேலுமங்கைத் தாயாரைச் சேவித்துவிட்டு ராத்திரிக்குள் வீடு. வண்டி முதல் இறக்கத்தைத் தொட்டதும் பின் சீட்டிலிருந்து மாமாவின் குரல் வரும்: "தம்பி, இனிமே அலிபிரி வரைக்கும் இறக்கம்தானே? என்ஜினை ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல விடுப்பா. பெட்ரோல் மிச்சம்."

மாமா சொல்வது முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. அவர் ஓட்டிய காலத்து வண்டிக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. இன்று நீங்கள் ஓட்டும் வண்டிக்கு அது பொருந்துமா, ஆஃப் செய்தால் என்னென்ன நின்றுபோகும், பாதி இறக்கத்தில் என்ஜினை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டி வந்தால் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று பார்ப்போம். கடைசிக் கேள்வி மாமாவின் பேச்சைக் கேட்காதவர்களுக்கும் தேவைப்படும். கொண்டை ஊசி வளைவில் முன்னால் ஒரு பஸ் திடீரென்று நின்று, நீங்கள் பதறி கிளட்சை விட்டால், என்ஜின் தானாகவே அணைந்துவிடும்.

எவ்வளவுதான் மிச்சமாகும்?

முதலில் பாதையைப் பார்த்துவிடலாம். திருமலைக்கு இரண்டு மலைப்பாதைகள். 1944-ல் திறக்கப்பட்ட பழைய பாதையில் இப்போது வண்டிகள் இறங்க மட்டும் செய்கின்றன. 1974-ல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு. இறங்கும் பாதை சுமார் 19 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள். மேலேயிருந்து கீழே வரும்போது நீங்கள் இழக்கும் உயரம் தோராயமாக 700 மீட்டர். அதாவது சராசரியாக ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் இறக்கம். சில இடங்களில் இதைவிடச் செங்குத்து, சில இடங்களில் கிட்டத்தட்ட சமதளம்.

இந்தப் பாதையில் 40 நிமிடத்துக்குக் குறைவாக இறங்கக் கூடாது என்பது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் விதி. ஏறுவதற்கு 28 நிமிடம். 40 நிமிடத்தில் 19 கிலோமீட்டர் என்றால் சராசரி வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர் சொச்சம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஒரு சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் கார், சூடான பிறகு, ஏசி போடாமல் சும்மா நின்று உறுமிக்கொண்டிருந்தால் மணிக்கு சுமார் 0.6 முதல் 0.8 லிட்டர் குடிக்கும். 40 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் அதிகபட்சம் அரை லிட்டர் சொச்சம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில் அது ஐம்பது, ஐம்பத்தைந்து ரூபாய். திருமலையில் கூடுதலாக ஒரு சின்ன லட்டு வாங்கினால் 50 ரூபாய். மாமாவின் யோசனை முழு வெற்றி பெற்றாலும் கையில் நிற்பது அந்த ஒரு லட்டுதான்.

அதுகூட நிற்காது. ஏனென்றால் இந்தக் கணக்கு 'ஆஃப் செய்த என்ஜின்' என்பதை 'நியூட்ரலில் உறுமும் என்ஜின்' என்பதோடு ஒப்பிடுகிறது. நீங்கள் ஒப்பிட வேண்டியது அதோடு இல்லை.

கியரில் இறங்கினால் பெட்ரோல் எரியாதா?

எரியாது. நம்ப முடியாத மாதிரி இருந்தாலும் உண்மை.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டியில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை ஒரு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. வண்டி கியரில் இருக்கிறது, ஆக்சிலேட்டரில் கால் இல்லை, என்ஜின் ஓரளவு வேகமாகச் சுற்றுகிறது என்றால், "இப்போது என்ஜினைச் சுற்றுவது சக்கரம்தான், பெட்ரோல் வேண்டாம்" என்று அது முடிவு செய்து இன்ஜெக்டரை மூடிவிடும். என்ஜின் சுற்று நிமிடத்துக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று கீழே இறங்கும்போதுதான் அணைந்துவிடாமல் இருக்க மறுபடி திறக்கும். உங்கள் காரில் அந்தந்த நொடியின் மைலேஜ் காட்டும் திரை இருந்தால் இதை நீங்களே பார்க்கலாம். இறக்கத்தில் செகண்ட் கியரில் காலை எடுத்ததும் அந்த எண் உச்சத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது அந்த 28 கிலோமீட்டருக்கு வருவோம். ஒரு சாதாரண ஹேட்ச்பேக் மணிக்கு 28, 30 கிலோமீட்டர் வேகத்தில் செகண்ட் கியரில் போனால் என்ஜின் நிமிடத்துக்கு 2,000-க்குச் சற்று மேலே சுற்றும். பெட்ரோல் நிற்கும் எல்லைக்குள் இது வசதியாக உட்காருகிறது. அதாவது தேவஸ்தானத்தின் 40 நிமிட விதிப்படி ஒழுங்காக செகண்ட் கியரில் இறங்குபவருக்கு, வழியின் பெரும்பகுதியில் பெட்ரோல் செலவு பூஜ்யம். ஏசியும் ஓடும், அதற்கும் பெட்ரோல் எரியாது. கம்ப்ரஸரைச் சுற்றுவதும் அந்த இறக்கம்தான். என்ஜினை ஆஃப் செய்த மாமா வியர்த்துக்கொண்டு வருவார்.

அப்படியானால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? கார்புரேட்டரிலிருந்து. அம்பாசிடரிலும் பத்மினியிலும் இப்படி யோசிக்கிற கம்ப்யூட்டர் கிடையாது. கியரில் இறங்கும்போதும் என்ஜின் தன் பாட்டுக்குக் காற்றை இழுக்கும், கூடவே கொஞ்சம் பெட்ரோலும் போகும். அந்த வண்டியில் ஆஃப் செய்தால் நிஜமாகவே மிச்சம். கார்களில் 2000-ஆம் ஆண்டையொட்டி கார்புரேட்டர் விடைபெற்றது. பைக், ஸ்கூட்டர்களில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோதுதான் பெருமளவில் போனது. உங்கள் பைக் அதற்கு முந்தையது என்றால் கியரில் இறங்கும்போது துளித்துளியாகக் கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மாமா கட்சிக்கு நியாயம் செய்ய வேண்டும். லேசான சரிவில் கணக்கு மாறும். கியரில் விட்டால் என்ஜின் வண்டியைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கும், பிறகு மறுபடி ஆக்சிலேட்டர் மிதிக்க வேண்டும். ஆஃப் செய்து உருள விட்டால் வண்டி வெகுதூரம் போகும். சொட்டுச் சொட்டாக மைலேஜ் சேர்ப்பதையே ஒரு பொழுதுபோக்காகச் செய்பவர்கள் அமெரிக்காவில் உண்டு. அதற்கான 'ஹைப்பர்மைல்' என்ற சொல்லை நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் அகராதி 2008-ல் ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தது. அவர்கள் என்ஜினை அணைத்து உருள்வது பெரும்பாலும் நேரான, லேசான சரிவுகளில். திருமலையில் எப்படியும் பிரேக் பிடித்துத்தான் ஆக வேண்டும். பிடிக்கிற வேலையை என்ஜின் செய்யட்டும் என்றால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பிரேக்குக்கு எவ்வளவு வேலை?

நான்கு பேரும் பைகளும் சேர்த்து உங்கள் கார் 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 700 மீட்டர் உயரத்திலிருந்து அதைக் கீழே கொண்டுவரும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 89 லட்சம் ஜூல். வீட்டு மின்சாரக் கணக்கில் சொன்னால் இரண்டரை யூனிட். டயர் உரசல், காற்றின் தடை இரண்டுமாக இதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே தின்றுவிடும். மீதி 55 லட்சம் ஜூலை என்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும். 18 லிட்டர் தண்ணீரை, அதாவது ஒரு பெரிய வாளித் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு இது.

நியூட்ரலில் விட்டால் அந்தச் சூடு மொத்தமும் நான்கு சக்கரங்களின் பிரேக்கில்தான் இறங்கும். பிரேக் பேடு ஒரு அளவுக்கு மேல் சூடானால் பிடிப்பு குறையும். அடுத்தது பிரேக் ஆயில். டாட்-3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும். ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரி. டாட்-4 என்றால் 230, 155. ஆயில் கொதித்து குழாய்க்குள் குமிழி வந்துவிட்டால், நீங்கள் மிதிப்பது ஆயிலை அல்ல, ஆவியை. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. கடைசியாக எப்போது பிரேக் ஆயில் மாற்றினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? மலைக்குப் போகும் முன் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

ஆஃப் செய்ததும் என்னென்ன நிற்கும்?

பிரேக்கே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. போவது உதவி. உங்கள் காலின் பலத்தைப் பல மடங்காக்கித் தருவது, என்ஜின் உருவாக்கும் வெற்றிடத்தில் வேலை செய்யும் பூஸ்டர். என்ஜின் அணைந்ததும் அதில் மிச்சமிருப்பது இரண்டு, மூன்று மிதிக்கான சேமிப்பு. அது தீர்ந்ததும் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். முழு உடம்பையும் சாய்த்து மிதித்தால் பிடிக்கும், ஆனால் நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் நீளும். அதனால்தான் இந்த நிலையில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கவே கூடாது. ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு போகிறது.

பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். நேர்ச் சாலையில் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுச் சுற்று ஒடிக்கும்போது தெரியும்.

சாவியை எவ்வளவு தூரம் திருப்பினீர்கள் என்பது அடுத்த கேள்வி. சாவி 'ஆன்' நிலையில் இருந்து என்ஜின் மட்டும் அணைந்திருந்தால் ஏபிஎஸ், ஏர்பேக், விளக்கு எல்லாவற்றுக்கும் மின்சாரம் இருக்கும். சாவியைப் பின்னால் திருப்பி 'ஆஃப்' செய்துவிட்டால் இவை எல்லாம் போய்விடும். சாவியை உருவியே எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஓடும் வண்டியில் செய்யக்கூடிய தவறுகளில் இதைவிட மோசமானது எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, அணைந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

பதற்றத்தில் கை முதலில் போவது சாவிக்கு. அது இரண்டாவது வேலை. முதல் வேலை வேகத்தைப் பிடிப்பது. பூஸ்டரில் சேமிப்பு இருக்கும்போதே பிரேக்கை ஒரே சீராக மிதித்து, மிதித்தபடியே வைத்திருங்கள். இடம் இருந்தால் ஓரம்கட்டி நிறுத்திவிட்டு, நிதானமாக ஸ்டார்ட் செய்வதுதான் எப்போதும் நல்லது. அபாய விளக்கைப் போடுங்கள். பின்னால் வருபவருக்கு உங்கள் என்ஜின் அணைந்தது தெரியாது.

நிறுத்த இடம் இல்லை, வண்டி உருண்டுகொண்டே இருக்கிறது என்றால்:

மேனுவல் கியர் காரில் கிளட்சை முழுவதும் மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். சாவி 'ஆன்' நிலையில் இருக்கிறதா என்று டேஷ்போர்டு விளக்குகளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அணைந்த பிறகு நேராக மறுபடி செல்ஃப் எடுக்காத வண்டிகள் உண்டு. அவற்றில் சாவியை ஒரு படி மட்டும் பின்னால் கொண்டுபோய் மறுபடி முன்னால் திருப்ப வேண்டும். ஒரு படி மட்டும், உருவக் கூடாது. இரண்டு மூன்று நொடி செல்ஃப் கொடுத்தால் சூடான என்ஜின் உடனே பிடித்துக்கொள்ளும். ஸ்டியரிங் லேசாவதும் பிரேக் பெடல் கொஞ்சம் கீழே இறங்குவதும் காலிலும் கையிலும் தெரியும்.

கிளட்சை இப்போது படக்கென்று விட்டால் வேலை கெடும். வண்டி போகும் வேகத்துக்கு ஏற்ற கியரைப் போட வேண்டும். 30-க்குள் என்றால் செகண்ட், 40-ஐத் தாண்டியிருந்தால் தேர்டு. கிளட்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்த பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

செல்ஃப் எடுக்கவில்லை, பேட்டரி படுத்துவிட்டது என்றால் இன்னொரு வழி, ஊரில் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வோமே, அதுதான். இங்கே தள்ள ஆள் வேண்டாம், இறக்கமே தள்ளுகிறது. சாவி 'ஆன்', கிளட்ச் உள்ளே, தேர்டு கியர், பிறகு கிளட்சை மெதுவாக விட வேண்டும். சக்கரம் என்ஜினைச் சுற்றிவிடும், அது பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் கிளட்சை மிதித்து செகண்டுக்கு வாருங்கள்.

ஏன் தேர்டு, ஏன் ஃபர்ஸ்ட் இல்லை? மணிக்கு 30 கிலோமீட்டரில் ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை விட்டால் என்ஜின் ஒரே இழுப்பில் 4,000 சுற்றுக்கு மேல் போக வேண்டியிருக்கும். வண்டி குலுங்கும். ஈரமான சாலை என்றால் சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொண்டு வழுக்கவும் செய்யும். தேர்டில் அதே வேகத்துக்கு 1,500 சுற்றுதான். என்ஜின் எழுந்துகொள்ள அது போதும்.

இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். பிடிக்காத என்ஜின் வழியே எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போனால் அது கெட்டுவிடும். மாற்றச் செலவு ஆயிரக்கணக்கில். அந்த ஐம்பது ரூபாய் லட்டுவை எத்தனை முறை மிச்சம் பிடித்தாலும் ஈடாகாது.

ஆட்டோமேட்டிக், பட்டன் ஸ்டார்ட், ஸ்கூட்டர்

வழக்கமான ஆட்டோமேட்டிக் காரை உருள விட்டு ஸ்டார்ட் செய்ய முடியாது. கியர் லீவரை 'என்' நிலைக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்து, பிறகு 'டி' நிலைக்கோ 'எல்' நிலைக்கோ போக வேண்டும். ஓடும்போது 'பி' பக்கம் கையே போகக் கூடாது. என்ஜினை அணைத்து உருள விடுவது ஆட்டோமேட்டிக்குக்கு இன்னொரு வகையிலும் கெடுதல். கியர்பாக்ஸுக்கு ஆயில் அனுப்பும் பம்பைச் சுற்றுவது பெரும்பாலும் என்ஜின்தான்.

பட்டன் ஸ்டார்ட் கார்களில் ஓடும்போது தெரியாமல் ஒருமுறை கை பட்டால் என்ஜின் அணையாது. சில நொடி அழுத்திப் பிடித்தாலோ, அடுத்தடுத்து அழுத்தினாலோதான் அணையும். மறுபடி ஸ்டார்ட் செய்யும் முறை மாடலுக்கு மாடல் மாறும். பெரும்பாலும் 'என்'னில் வைத்து பட்டனை அழுத்த வேண்டும். வண்டியோடு தந்த கையேட்டில் 'அவசரம்' என்ற பகுதியில் இது இருக்கும். மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள்.

கியர் உள்ள பைக்கில் சாவியைத் தொடாதீர்கள். வலது கைப் பக்கம் இருக்கும் சிவப்பு கில் ஸ்விட்ச் தெரியாமல் தட்டிவிட்டதா என்று முதலில் பாருங்கள், பாதிப் பேருக்கு அதுதான் காரணம். கிளட்ச் பிடித்து செல்ஃப் கொடுங்கள். எடுக்காவிட்டால் தேர்டு கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். பைக்கில் பின் சக்கரம் வழுக்கினால் கார் மாதிரி இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. அதனால் வளைவில் செய்யாமல் நேரான இடத்தில் மட்டும் செய்யுங்கள். 125 சிசி-க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். சாவியை அணைத்துவிட்டு உருண்டால் காசு கொடுத்து வாங்கிய அந்த ஏபிஎஸ் வேலை செய்யாது.

கியர் இல்லாத ஸ்கூட்டரை உருட்டி ஸ்டார்ட் செய்ய வழியே இல்லை. என்ஜின் அணைந்ததும் அதன் கிளட்ச் தானாகவே விட்டுவிடும், என்ஜின் பிடிப்பும் போய்விடும். பிரேக் லீவரைப் பிடித்தபடி செல்ஃப் பட்டன்தான் ஒரே வழி. ஓடும்போது பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு முயலுங்கள்.

பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி இன்னும் வைத்திருக்கும் ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. இதுவரை சொன்ன 'கியரில் இறங்கு' என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் என்ஜினுக்கு ஆயில் போவதே பெட்ரோலோடு சேர்ந்துதான். த்ராட்டிலை மூடிக்கொண்டு நீண்ட இறக்கம் இறங்கினால் உள்ளே வறண்டு பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம். அவ்வப்போது கிளட்ச் பிடித்து லேசாக த்ராட்டில் திருப்பி ஆயில் கொடுப்பது பழைய ஓட்டுநர்களின் வழக்கம். காரணம் இதுதான்.

லாரிக்கு இது உயிர் விஷயம்

காரில் ஐம்பது ரூபாய்க் கணக்கு. இருபது, முப்பது டன் ஏற்றிய லாரியில் டீசல் கணக்கு பெரியது. ஆபத்தும் அதே விகிதத்தில் பெரியது. லாரி, பஸ்ஸின் பிரேக் காற்றில் இயங்குகிறது. அந்தக் காற்றை அடைப்பது என்ஜின் சுற்றும் கம்ப்ரஸர். என்ஜின் அணைந்தால் தொட்டியில் இருக்கும் காற்றுதான் மிச்சம். ஒவ்வொரு மிதிக்கும் அது குறையும். எக்ஸாஸ்ட் பிரேக்கும் என்ஜின் கியரில் சுற்றினால்தான் வேலை செய்யும். வேகம் கூடிய பிறகு கியர் போடப் பார்த்தால், கனரக வண்டியின் கியர் உள்ளே போகாது.

சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே தொப்பூர் கணவாயில் நீங்கள் போயிருப்பீர்கள். தேசிய நெடுஞ்சாலை 44-ல், பார்வைக்கு அப்படியொன்றும் செங்குத்தாகத் தெரியாத நீண்ட இறக்கம் அது. அதுதான் சிக்கல். பயம் தராத சரிவு, நியூட்ரலில் விடச் சொல்லும். அங்கே லாரிகள் முன்னால் போகும் வண்டிகள்மீது மோதும் விபத்துகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. டீசல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்தோ நியூட்ரலிலோ இறங்குவது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. 2020 டிசம்பரில் அங்கே ஒரே விபத்தில் பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் சிக்கி, உயிரிழப்பும் ஏற்பட்டது.

புனேயில் காத்ரஜ் சுரங்கப்பாதையைத் தாண்டி நவலே பாலத்துக்கு இறங்கும் சாலைக்கும் இதே பெயர்தான். 2022 நவம்பர் 20 அன்று ஒரு லாரி அங்கே வரிசையாகப் பல கார்களை இடித்து நொறுக்கியது. முதலில் எல்லாரும் சொன்னது "பிரேக் பிடிக்கவில்லை" என்பதுதான். ஆரம்ப விசாரணைக்குப் பிறகு போலீஸ் சொன்னது வேறு: சரிவில் ஓட்டுநர் என்ஜினை அணைத்திருந்தார். 'பிரேக் ஃபெயிலியர்' என்ற தலைப்பைப் பார்க்கும்போது எனக்கு இப்போதெல்லாம் இந்தச் செய்திதான் ஞாபகத்துக்கு வரும்.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. பல மாநிலங்களின் மோட்டார் வாகன விதிகளில், எச்சரிக்கைப் பலகை வைத்த இறக்கங்களில் நியூட்ரலிலோ கிளட்சை மிதித்தபடியோ இறங்கக் கூடாது என்று தனியாக ஒரு விதியே உண்டு. நீலகிரியில் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில் இன்ன கியரில்தான் வர வேண்டும் என்று பலகைகள் நிற்கின்றன. மலையில் ஓட்டிப் பழகாத வெளியூர் வண்டிகள் அந்த வழியே இறங்குவதையே அங்கே தடை செய்துவிட்டார்கள்.

அப்படியானால் சிக்னலில் ஆஃப் செய்யச் சொல்கிறார்களே?

அது வேறு. அங்கே வண்டி நிற்கிறது. பத்து நொடிக்கு மேல் சும்மா உறுமினால் மறுபடி ஸ்டார்ட் செய்வதைவிட அதிக எரிபொருள் செலவாகும் என்பது அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் அளந்து சொன்ன கணக்கு. டெல்லி அரசு 2020 அக்டோபரில் தொடங்கிய 'ரெட் லைட் ஆன், காடி ஆஃப்' பிரசாரம் இந்த அடிப்படையில்தான். வேளச்சேரி சிக்னலில் தாராளமாக ஆஃப் செய்யுங்கள். திருமலையிலும் மேலே நின்றுபோன வரிசையில், சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு ஆஃப் செய்வதில் தப்பில்லை.

ஓடும்போதே என்ஜினை அணைத்து உருளும் கார்களைக் கம்பெனிகளே விற்பதும் உண்மைதான். ஹைபிரிட் கார்கள் இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிடும். ஐரோப்பாவில் 48 வோல்ட் பேட்டரி வைத்த சில பெட்ரோல் கார்களும் அப்படிச் செய்யும். வித்தியாசம் என்னவென்றால், அவற்றில் பிரேக் உதவி, ஸ்டியரிங் இரண்டும் மின்சாரத்தில் ஓடும். தேவைப்பட்ட கணமே என்ஜினை எழுப்பத் தனி ஏற்பாடு இருக்கும். உங்கள் சாவி அந்த வேலையைச் செய்யாது.

இறக்கத்தில் நிஜமாகவே மிச்சம் பிடிக்கிற வண்டி ஒன்று திருமலைப் பாதையிலேயே ஓடுகிறது. ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகம் 2022 செப்டம்பரில் திருப்பதி–திருமலை இடையே மின்சார பஸ்களை இறக்கியது. இறங்கும்போது அவற்றின் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். பயணிகளோடு சேர்த்து ஒரு பஸ் 12 டன் என்று வைத்தால், 700 மீட்டர் இறங்கும்போது கணக்குப்படி வெளியாகும் ஆற்றல் சுமார் 23 யூனிட். உரசலிலும் சூட்டிலும் போனது போக ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்பும், அடுத்த ஏற்றத்துக்கு உதவும். உங்களிடம் மின்சாரக் கார் இருந்தால் ஒரு விஷயம்: மேலே பேட்டரியை நூறு சதவீதம் சார்ஜ் செய்துகொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது, அந்த வேலையும் பிரேக்குக்கே வந்து சேரும்.

கீழே வந்தாச்சு. அலிபிரியைத் தாண்டி, ஊருக்குள் புகுந்து திருச்சானூர் போகும் சில கிலோமீட்டர் சமதளம் உங்கள் பிரேக் ஆறுவதற்கு நல்ல அவகாசம். கண்ணாடியை இறக்கிவிட்டு, கருகிய வாடை வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் கோயில் பார்க்கிங்கில் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிப்போகும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பூட்டாமல், ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டு சேவிக்கப் போங்கள். திரும்பி வந்த பிறகும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் சென்னைக்கு ஓட்ட வேண்டாம். திருப்பதியிலேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டி பிரேக் ஆயிலை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.